குஞ்சு வாங்கியாச்சு, ஆனா சேவலா பெட்டையா? வாரம் வாரமாகக் கண்டுபிடிக்கும் வழி

முட்டைக்காக ஆறு குஞ்சு வாங்குறீங்கன்னு வச்சுக்குவோம். மூணு மாசம் தீனி போட்டு, கூண்டு கழுவி, மழையில நனையாம பார்த்துக்கிறீங்க. அப்புறம் ஒரு நாள் விடியற்காலை 5 மணிக்கு வீட்டுக்குப் பின்னால ஒரு கரகரப்பான சத்தம். அடுத்த வாரம் இன்னொன்று சேர்ந்து கூவுது. ஆறில் எத்தனை சேவல் என்பது அப்போதான் தெரியவருது. அதற்குள் தீனிச் செலவு முடிஞ்சிருக்கும், பிள்ளைங்க எல்லாத்துக்கும் பேர் வச்சிருப்பாங்க, பக்கத்து வீட்டுக்காரரின் முகமும் மாறியிருக்கும்.

இதை முன்கூட்டியே தெரிஞ்சுக்க முடியுமா? முடியும். ஆனால் சந்தையில் குஞ்சைக் கையில் எடுக்கும் அந்த நிமிடத்தில் அல்ல.

சுருக்கமா சொன்னா

- கம்பத்துக் கோழிக் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் இருக்கும்.
- ஒரு நாள் குஞ்சைப் பார்த்தே சொல்வது பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமே கைவந்த வேலை.
- 6 முதல் 8 வாரத்தில் கொண்டையின் நிறமும் அளவும் நல்ல ஊகம் தரும்.
- 10 முதல் 14 வாரத்தில் வால் தொடங்கும் இடத்தில் உள்ள இறகின் வடிவம் ஏறக்குறைய உறுதியான பதில் தரும்.
- முட்டை மட்டும் போதும் என்றால் சேவலே தேவையில்லை. சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும். அந்த முட்டை பொரிக்காது, அவ்வளவுதான்.

டெங்கில்ல இது ஏன் ஒரு பிரச்சினை?

இன்றைய புத்ராஜெயா ஒரு காலத்தில் ரப்பர், செம்பனைத் தோட்டம். பிராங் பெசார் உள்ளிட்ட தோட்டங்களில் வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள், 1990-களின் பிற்பகுதியில் புதிய நகருக்காக இடம் மாறி, டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு வந்தன. தரைவீடு வேண்டும் என்று அவர்கள் 20 ஆண்டுகளுக்கும் மேலாகக் குரல் கொடுத்தது செய்திகளில் நீங்க படிச்ச கதைதான்.

அந்தத் தோட்டத்து லயங்களில் கோழி வளர்ப்பது சாதாரண விஷயம். வீட்டுக்குப் பின்னால் கூண்டு இருக்கும், பகலில் கோழி தானே மேயும். பெட்டை முட்டைக்கு. சேவல் முனியாண்டி கோயில் படையலுக்கு, இல்லைன்னா தீபாவளிக் குழம்புக்கு. சேவல் கூடிப்போச்சே என்று யாரும் கவலைப்பட்டதில்லை. அதற்கும் ஒரு பயன் இருந்தது, கூவினாலும் யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள்.

இப்போ டெங்கிலைச் சுற்றி சைபர்ஜெயா, புத்ராஜெயா, வரிசை வரிசையா தாமான்கள். சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள். அதே சமயம் முட்டை விலையும் பேச்சாகிவிட்டது. 2022 கடைசியில் நாட்டில் முட்டைத் தட்டுப்பாடு வந்து, தமிழ்நாட்டு நாமக்கல்லில் இருந்தெல்லாம் முட்டை இறக்குமதியானது. கோழி முட்டைக்கான அரசு மானியம் 2025 மே மாதம் குறைக்கப்பட்டு, ஆகஸ்ட் 1-ஆம் தேதி முழுமையாக நின்றது. வீட்டுக்குப் பின்னால் நாலு கோழி வளர்த்தா என்ன என்று இளைய குடும்பங்கள் யோசிப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் நாலு கோழி வேண்டும் என்று நினைப்பவர் யாரும் இரண்டு சேவலைத் திட்டம் போட்டு வாங்குவதில்லை.

குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது யார்?

தாய்க்கோழி. மனிதர்களில் ஆணுக்கு எக்ஸ், ஒய் என இரு வகைக் குரோமோசோம். அதனால் பிள்ளையின் பாலினத்தைத் தீர்மானிப்பது தந்தையின் விந்தணு. பறவைகளில் இது தலைகீழ். சேவலுக்கு இரண்டும் இசட். பெட்டைக்கு ஒன்று இசட், இன்னொன்று டபிள்யூ. தாயிடமிருந்து இசட் வந்தால் குஞ்சு சேவல், டபிள்யூ வந்தால் பெட்டை.

இது கரு உருவாகும்போதே முடிந்துவிடும். முட்டையை 21 நாள் அடைகாக்கும் காலத்தில் சூட்டைக் கூட்டினாலோ குறைத்தாலோ குஞ்சின் பாலினம் மாறாது. ஆமைக்கும் முதலைக்கும் வெப்பநிலை அதைத் தீர்மானிக்கும். கோழிக்கு அப்படி இல்லை.

ஒரு நாள் குஞ்சிலேயே கண்டுபிடிக்கிறாங்களே, அது எப்படி?

பெரிய குஞ்சுப் பண்ணைகளில் மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, குஞ்சின் கழிவுத் துவாரத்தை மெல்ல விரித்து உள்ளே இருக்கும் சிறு புடைப்பைப் பார்ப்பது. 1920-களில் ஜப்பானில் கியோஷி மசுய் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய முறை இது. பிறகு ஜப்பானியப் பயிற்சிப் பள்ளிகளில் படித்தவர்கள் இதைப் பல நாடுகளுக்கும் கொண்டு போனார்கள். கைதேர்ந்தவர்கள் மணிக்கு ஆயிரம் குஞ்சு வரைக்கும் பார்ப்பார்கள், தவறுவது மிகக் குறைவு. அந்தப் புடைப்பு பல பெட்டைக் குஞ்சுகளிலும் இருக்கும், வடிவத்தில் மட்டும் சின்ன வேறுபாடு. அதனால்தான் பயிற்சி இல்லாதவருக்கு இது எட்டாது. வீடியோ பார்த்துட்டு வீட்டில் முயற்சி பண்ணாதீங்க. தவறாக அழுத்தினால் குஞ்சின் குடல் காயப்பட்டு இறந்துவிடலாம்.

இரண்டாவது, சிறகைப் பார்ப்பது. சில வணிக இனங்களில் பெட்டைக் குஞ்சின் சிறகு ஓரத்து இறகுகள் ஒன்று நீளம், ஒன்று குட்டை என மாறி மாறி இருக்கும். சேவல் குஞ்சில் எல்லாம் ஒரே நீளம். இணையத்தில் அதிகம் சுற்றும் ‘ட்ரிக்’ இதுதான். ஆனால் மெதுவாக இறகு முளைக்கும் தாயையும் வேகமாக இறகு முளைக்கும் தந்தையையும் திட்டமிட்டுச் சேர்த்த குஞ்சுகளில் மட்டும்தான் இது வேலை செய்யும். அதிலும் பொரித்த முதல் ஓரிரு நாளுக்குள் பார்க்கணும். கம்பத்துக் கோழிக் குஞ்சின் சிறகை விரித்துப் பார்த்து முடிவு செய்வதும் காசு சுண்டிப் பார்ப்பதும் ஒன்றுதான்.

மூன்றாவது, நிறம். எஸ்.பி.எம். உயிரியல் பாடத்தில் பனெட் சதுரம் போட்டிருப்பீங்களே, அதே ரெஜினால்ட் பனெட்தான் இதற்கும் முன்னோடி. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் உணவு நெருக்கடி. வேண்டாத சேவல் குஞ்சுகளுக்குத் தீனி வீணாகாமல் இருக்க, பொரித்த உடனேயே நிறத்தைப் பார்த்துப் பிரிக்கலாம் என்று அவர் யோசனை சொன்னார்.

அதன் அடிப்படை எளிது. இறகின் நிறத்தைத் தீர்மானிக்கும் சில மரபணுக்கள் இசட் குரோமோசோமில் இருக்கின்றன. தாயிடம் இருப்பது ஒரே ஒரு இசட்; அது மகனுக்கு மட்டுமே போகும். ஆகவே வெள்ளி நிற மரபணு உள்ள தாயையும் பொன்னிற மரபணு உள்ள தந்தையையும் சேர்த்தால், சேவல் குஞ்சு வெளிர் மஞ்சளாகவும் பெட்டைக் குஞ்சு பழுப்பாகவும் பொரிக்கும். ஈசா பிரவுன், ஹைலைன் பிரவுன் போன்ற முட்டைக்கோழிகள் இப்படித்தான் பிரிக்கப்படுகின்றன. ஆனால் இந்த வசதி அந்த ஒரு தலைமுறைக்குத்தான். அந்தக் கோழிகளையே வீட்டில் இணை சேர்த்துக் குஞ்சு பொரிக்க வைத்தால், நிறத்தை நம்ப முடியாது.

கம்பத்துக் கோழி பல தலைமுறைக் கலப்பு. கருப்பு, சிவப்பு, புள்ளி, கோடு என்று ஒரே அடையில் எல்லா நிறமும் வரும். ‘கருப்பா இருக்கிறது பெட்டை’ என்று விற்பவர் சொன்னால், சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க.

சரி, வீட்டில் வாரம் வாரமா என்ன பார்க்கணும்?

ஒரு அடிப்படை விதி: ஒரே வயது, ஒரே இனக் குஞ்சுகளை அருகருகே வைத்து ஒப்பிடுங்க. தனியாக ஒரு குஞ்சைப் பார்த்து ‘கொண்டை பெரிசா?’ என்று கேட்டால் பதில் கிடைக்காது. எதைவிடப் பெரிசு என்பதுதான் கேள்வி.

*முதல் 3 வாரம்:* பார்க்க ஒன்றும் இல்லை. காலில் ஆளுக்கொரு நிறத்தில் தளர்வான பிளாஸ்டிக் வளையம் மாட்டுங்க. கால் வேகமாகப் பருக்கும், அதனால் வாரம் ஒரு முறை தளர்த்தணும் அல்லது மாற்றணும். வாரம் ஒரு படம், ஒரே கோணத்தில், தலையும் முதுகும் தெரிகிற மாதிரி கைப்பேசியில் எடுத்து வைங்க. பிறகு இதுதான் உங்க ஆதாரம்.

*4 முதல் 5 வாரம்:* சில குஞ்சுகளுக்கு முதுகும் வாலும் சீக்கிரம் இறகு மூடும். சிலதுக்கு முதுகில் சொட்டையாக இருக்கும், வால் குட்டையாக நிற்கும். பின்தங்குவது பெரும்பாலும் சேவல். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீங்க.

*6 முதல் 8 வாரம்:* கொண்டையைப் பாருங்க. சேவலின் கொண்டை தடித்து, இளஞ்சிவப்பிலிருந்து சிவப்புக்கு மாறத் தொடங்கும். அலகுக்குக் கீழே தாடியும் தெரிய ஆரம்பிக்கும். அதே வயதுப் பெட்டைக்குக் கொண்டை சிறிசு, வெளிர் மஞ்சள் அல்லது மங்கிய இளஞ்சிவப்பு. சேவலின் கால் கொஞ்சம் தடிப்பாக இருக்கும், நிற்கும்போது நெஞ்சு நிமிர்ந்திருக்கும். கொண்டை, கால், நிற்கும் விதம் மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால் நம்பலாம்.

*10 முதல் 14 வாரம்:* இதுதான் முக்கியமான கட்டம். கோழியைக் கையில் எடுத்து, முதுகு முடிந்து வால் தொடங்கும் இடத்தைப் பாருங்க. சேவலுக்கு அங்கே புதிதாக முளைக்கும் இறகுகள் குறுகலாக, நுனி கூர்மையாக, பளபளப்பாக இரண்டு பக்கமும் வழியும். பெட்டைக்கு அதே இடத்து இறகு அகலமாக, நுனி வட்டமாக இருக்கும். கழுத்து இறகிலும் இதே வேறுபாடு உண்டு, ஆனால் கழுத்தில் பெட்டைக்கும் ஓரளவு கூர்மை வரலாம். அதனால் வால் பக்கத்து இறகையே நம்புங்க. அப்படி ஒரு கூர் இறகு வந்துவிட்டால், அது சேவல்.

*14 வாரத்துக்கு மேல்:* சேவலுக்கு வாலில் அரிவாள் மாதிரி வளைந்த நீள இறகுகள் இறங்கும், கூவவும் தொடங்கும். சில சேவல்கள் இரண்டு மாதத்திலேயே கூவிப் பழகும், சில ஐந்து மாதம் வரைக்கும் வாயே திறக்காது. வெடைக்கோழிக்கு, அதாவது முதல் முட்டைக்குத் தயாராகும் இளம் பெட்டைக்கு, இந்தக் கட்டத்துக்குப் பிறகுதான் கொண்டை சிவக்கும். நீங்க முதுகில் கை வைத்தால் அப்படியே பதுங்கி உட்காரும். முட்டை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். கம்பத்துக் கோழி முதல் முட்டையிட ஐந்தாறு மாதம் ஆகும். வணிக முட்டைக்கோழி அதைவிடச் சீக்கிரம் தொடங்கும்.

எதை நம்பக் கூடாது?

*கூர்மையான முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை:* பழங்காலத்திலிருந்தே சுற்றும் நம்பிக்கை. முட்டையின் வடிவத்தைத் தீர்மானிப்பது தாயின் உடல், உள்ளே இருக்கும் கரு அல்ல.

*நூலில் மோதிரத்தைக் கட்டி ஆட்டுவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது:* பாதிக்குப் பாதி சரியாக வரும். ஏனென்றால் பாதிக்குப் பாதிதான் சேவல். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் அதே பலன். தலைகீழாகத் தூக்கினால் குஞ்சுக்குத் துன்பம் மட்டும் மிச்சம்.

*சண்டை போடுவது சேவல்:* சின்ன வயதில் பெட்டைகளும் நெஞ்சை நிமிர்த்தி மோதும். யார் பெரியவர் என்ற வரிசையைக் கூட்டத்தில் எல்லாரும்தான் போடுவார்கள்.

*காலில் முள் இருந்தால் சேவல்:* இளம் வயதில் இருவருக்கும் அந்த இடத்தில் சின்னப் புடைப்பு இருக்கும். வயதான சில பெட்டைகளுக்கு முள்ளே வளரும்.

*கூவினால் சேவல்தான்:* பெரும்பாலும் உண்மை, ஆனால் எப்போதும் இல்லை. ‘பெட்டைக்கோழி கூவியா பொழுது விடியும்’ என்று நம்ம ஊர்ப் பழமொழி ஒன்று பெண்களை அடக்கப் பயன்பட்டது. உண்மையில் பெட்டையும் கூவும். சேவல் இல்லாத கூட்டத்தில் தலைமைப் பெட்டை சில நேரம் கூவுவதுண்டு. பெட்டைக்கு வழக்கமாக இடது சினைப்பை மட்டுமே வேலை செய்யும். அது நோயால் பழுதானால் சேவல் மாதிரி இறகும் கொண்டையும் வரலாம். அரிதுதான், ஆனால் நடக்கும்.

விதிவிலக்கான இனங்களும் உண்டு. பட்டுப்போல் இறகு உள்ள சில்க்கி கோழிக்கு அந்தக் கூர் இறகு தெளிவாகத் தெரியாது. ஆறு மாதம் வரைக்கும் காத்திருக்க வேண்டி வரலாம். இறகிலிருந்து மரபணுச் சோதனை செய்யும் ஆய்வகங்கள் உலகில் உண்டு. விலை உயர்ந்த பறவைக்கு அது சரி, நாலு கம்பத்துக் கோழிக்குக் கட்டுப்படியாகாது.

சேவல்னு தெரிஞ்சிடுச்சு. அடுத்து என்ன?

பலர் குஞ்சு வாங்கும்போது யோசிக்காத கேள்வி இதுதான். ஆனால் முதலில் கேட்க வேண்டியதும் இதுதான்.

கூண்டை இருட்டாக்கினால் கூவாது என்று நினைக்காதீங்க. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சேவல் விடியலை உடலுக்குள் இருக்கும் கடிகாரத்தை வைத்தே உணர்கிறது. வெளிச்சம் வருவதற்கு முன்பே அது கூவத் தொடங்கிவிடும்.

தரைவீட்டில் இருக்கிறீங்கன்னா, கோழி வளர்க்க அனுமதி உண்டா, எத்தனை, கூண்டு எங்கே இருக்கலாம் என்று உங்க வட்டார நகராண்மைக் கழகத்தில் முதலில் கேளுங்க. டெங்கில் சிப்பாங் மாவட்டத்தைச் சேர்ந்தது. அடுக்குமாடி என்றால் விதி இன்னும் நெருக்கமானது. 2015-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாக ஒழுங்குமுறைகளின்படி, மற்ற குடியிருப்பாளர்களுக்குத் தொல்லை தரக்கூடிய விலங்கை வளர்க்க முடியாது. நிர்வாகம் எழுத்து மூலம் அறிவிப்பு கொடுத்தால் 3 நாளுக்குள் அகற்ற வேண்டும்.

அப்போ சேவலை என்ன செய்வது? நான்கு வழிகள் இருக்கின்றன. ஒன்று, நிலம் உள்ள உறவினருக்கோ பெட்டை மட்டும் வைத்திருப்பவருக்கோ கொடுப்பது. இரண்டு, விற்பவரிடமே திருப்பிக் கொடுப்பது. வாங்கும் போதே இதைப் பேசி வைக்கணும். மூன்று, இறைச்சிக்கு வளர்ப்பது. நாலு மாதக் கம்பத்துச் சேவலின் குழம்பு எப்படி இருக்கும் என்று உங்க பாட்டியைக் கேளுங்க. நான்கு, பத்து பெட்டைக்கு ஒரு சேவல் என்ற கணக்கில், இடமும் அனுமதியும் இருந்தால் வைத்துக்கொள்வது.

செய்யக் கூடாதது இரண்டு. செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் இறக்கிவிட்டு வண்டியை எடுப்பது. வீட்டில் வளர்ந்த சேவல் நாய்க்கும் உடும்புக்கும்தான் இரையாகும். சண்டைக்கு விற்பது, விலங்குகளை மோதவிடுவதை 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் தடை செய்கிறது.

இந்தக் கேள்வி உங்க கொல்லையோடு நிற்கிறதில்லை. கடையில் வாங்கும் ஒவ்வொரு முட்டைத் தட்டுக்குப் பின்னாலும் இதே கணக்கு இருக்கு. முட்டைக்கோழி இனத்துச் சேவல் முட்டையும் இடாது, இறைச்சிக்கும் மெதுவாகத்தான் வளரும். அதனால் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான சேவல் குஞ்சுகள் பொரித்த அன்றே கொல்லப்படுகின்றன. ஆண்டுக்கு 600 முதல் 700 கோடி என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஜெர்மனி 2022 ஜனவரி 1 முதல் இதைத் தடை செய்தது, பிரான்ஸும் தொடர்ந்தது. அங்கே இப்போ முட்டைக்குள் இருக்கும்போதே கருவின் பாலினத்தைக் கண்டறியும் கருவிகள் வந்துவிட்டன. பனெட் நூறு ஆண்டுக்கு முன் கேட்ட அதே கேள்விக்குத்தான் இன்னும் பதில் தேடுறாங்க.

வாங்கும் முன் ஐந்து விஷயம்

1. முட்டை மட்டும் வேண்டும் என்றால் குஞ்சுக்குப் பதில் மூணு, நாலு மாத வெடைக்கோழியை வாங்குங்க. விலை கூடுதல்தான், ஆனால் வால் பக்கத்து இறகை நீங்களே பார்த்து வாங்கலாம்.
2. சந்தையில் ‘ஜந்தானா பெத்தினாவா’ என்று கேட்பதோடு நிறுத்தாதீங்க. ‘எத்தனை வாரம்?’ என்றும் கேளுங்க. ஆறு வாரத்துக்குக் குறைந்த கம்பத்துக் கோழிக்கு ‘எல்லாம் பெட்டை’ என்ற உறுதிமொழி வெறும் பேச்சு.
3. குஞ்சுதான் வேண்டும் என்றால் தேவையைப் போல் இரண்டு மடங்கு வாங்க வேண்டியிருக்கும். மூணு பெட்டை வேண்டும் என்றால் ஆறு குஞ்சு. அப்பவும் உறுதி இல்லை. ஆறில் நாலு சேவலாக வருவது ஒன்றும் அதிசயம் கிடையாது.
4. சேவல் எங்கே போகும் என்பதை முன்கூட்டியே வீட்டில் பேசி முடிவு பண்ணுங்க. பிள்ளைங்க பேர் வைப்பதற்கு முன்னால்.
5. கோழியைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்க, குறிப்பா சின்னப் பிள்ளைங்க. நல்லா இருக்கும் கோழியிலிருந்தும் சால்மொனெல்லா கிருமி தொற்றும். ஒன்றுக்கு மேல் கோழிகள் திடீரென்று செத்தால் புதைத்துவிட்டுச் சும்மா இருக்காதீங்க, மாவட்டக் கால்நடை சேவைத் துறை அலுவலகத்துக்குச் சொல்லுங்க.

இப்போ உங்க கூண்டில் ஏற்கெனவே குஞ்சுகள் இருந்தால், இன்றைக்கு ஒரு படம் எடுத்து வைங்க. எட்டாவது வாரம் கொண்டையை ஒப்பிடுங்க, பன்னிரண்டாவது வாரம் வால் பக்கத்து இறகைப் பாருங்க. பெரும்பாலும் முதல் கூவலுக்கு முன்பே பதில் தெரிந்துவிடும். சேவலுக்கு ஒரு இடம் தேட அந்தச் சில வாரங்கள் போதும்.